பால்கனிப் பச்சையில் ஒரு முருகன்

செந்திலுக்கு,

மானக்கேடான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் தைரியம் இருக்காது. நம் வீட்டு ஹாலில் சோபாவுக்கு மேலே தொங்குகிற பெரிய படத்திலிருந்து முருகனை அழித்தது நான்தான். பால்கனி கிரில்லுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை எனாமல் பெயின்ட், உன் பள்ளிக்கூட டிராயிங் பெட்டியில் கிடந்த பிரஷ். ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, உன் அம்மா பேங்குக்குப் போயிருந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோபாமேல் ஏறி நின்று அடித்தேன். செவ்வாய்க்கிழமை அவருக்கு உகந்த நாள் என்பது இடுப்புவரை அடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பாதி முருகனாக விட்டுவைப்பது இன்னும் பெரிய பாவம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மீதியையும் அடித்து முடித்தேன்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் கேட்டது. “அப்பா, அந்த சீனரி பெயின்ட்டிங்க எங்களுக்குக் குடுத்துருங்க. எங்க பாணேர் வீட்ல ஹால் சுவரு ஃபுல்லா காலியா கெடக்கு, மானசியும் ஆசப்படுறா” என்றாய். சீனரி. பதினோரு வயதிலிருந்து அந்தப் படத்துக்குக் கீழே சாப்பிட்டு, படித்து, ஷூ லேஸ் கட்டி வளர்ந்தவன் நீ. நான் முருகனை அழித்த அன்று சாயங்காலம் ஹிஞ்சேவாடியிலிருந்து கம்பெனி வண்டியில் வந்து இறங்கி, படத்தை நேராகப் பார்த்துக்கொண்டே “என் ப்ளூ சாக்ஸ் எங்க?” என்று கேட்டவன். மூன்று மாதம் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று காத்திருந்தேன். நாலாவது மாதத்தில் எனக்கே உன்மேல் வருத்தமாகிவிட்டது. இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. மருமகள் மானசிக்குத் தமிழ் படிக்க வராது, உனக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்க நாலு நாள் ஆகும். அந்த நாலு நாள் எனக்குத் தேவைப்படுகிறது.

படம் வந்த கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். நாம் லோஹேகாவ் குவார்ட்டர்ஸில் இருந்த காலம். பக்கத்து விமானதளத்திலிருந்து விமானம் கிளம்பும்போதெல்லாம் சுவரில் இருக்கிற சாமி படங்கள் தலையாட்டும். உன் அம்மாவுக்கு ஒரு நல்ல முருகன் படம் வேண்டும். கடைவீதியில் கணபதி கிடைப்பார், விட்டல் கிடைப்பார், நம்மவர் கிடைக்கமாட்டார். நான் ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டு, கணபதி மண்டபங்களுக்குப் பின்திரை வரைகிற சுதாகர் என்கிற பெயின்ட்டரிடம் போனேன். பனிமலை, அருவி, சூரிய உதயம் என்று ஆளை அப்படியே உள்ளே இழுக்கிற மாதிரி வரைவார். அவரும் நானும் பேசியது பாதி ஹிந்தி பாதி மராத்தி. உனக்காகத் தமிழில் சொல்கிறேன்.

“சாமி நான் போடுறதில்ல சாஹேப். சீன் மட்டும்தான். சாமிய மண்ணுல வேற ஆளு செய்வான், அத என் சீனுக்கு முன்னால கொண்டுவந்து வைப்பாங்க” என்றார்.

“சின்னதா ஒரு ஆளு. உங்க சீனுக்குள்ள நிக்கட்டும்.”

“எந்தச் சாமி?”

மராத்திக்காரர்களுக்குப் புரிகிற பெயரில் கார்த்திக் ஸ்வாமி என்றேன். அவர் கையிலிருந்த டீயைத் தரையில் வைத்தார். “வீட்ல பொம்பளைங்க இருக்காங்களா?”

“ஒரே ஒருத்தி. அவளுக்காகத்தான் படமே.”

“அப்ப வேண்டாம்.”

இந்த ஊர் வழக்கத்தை அன்றைக்குத்தான் நான் கேள்விப்பட்டேன். இங்கே கார்த்திக் ஸ்வாமி பிரம்மச்சாரி. பெண்கள் அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது. வருஷத்தில் கார்த்திகைப் பௌர்ணமிக்கு மட்டும் விலக்கு. மற்ற நாளில் பார்த்தால் புருஷன் தங்கமாட்டான், ஏழு பிறவிக்கும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் ஊரில் பெண்கள் அவருக்குப் பால்குடம் எடுக்கிறார்கள், அவருக்கே இரண்டு பெண்டாட்டி என்றேன். சுதாகர் சிரிக்கவில்லை. “உங்க ஊர்ல அவர் ஒரு மாதிரி இருக்கலாம், இங்க ஒரு மாதிரி இருக்கலாம். நீங்க இருக்கறது இங்க” என்றார். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். முருகன் இருப்பார், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

பிறகு, சீனில் என்னென்ன வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து அளந்தேன். குன்று அவர் வீடு, அதனால் குன்று. உச்சி வேல் மாதிரி கூராக இருக்கவேண்டும். பிறந்தது பொய்கையில், அதனால் முன்னால் ஒரு குளம், ஆறு முகத்துக்கு ஆறு தாமரை. நிழலுக்குக் கடம்பமரம். வள்ளிக்குப் பதில் தினைப்புனமும் கிளிகளும், தெய்வானைக்குப் பதில் வெள்ளை யானை மாதிரி ஒரு மேகம். மயில், சேவல். சுதாகர் ஒரு சிகரெட் அட்டையில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, “இத்தனையும் அவர்தான்னா, அவர் எதுக்கு சாஹேப்?” என்றார். பெரிய தத்துவம் பேசுகிறார் என்று நினைத்தேன். இப்போது தோன்றுகிறது, அவர் என்னை எச்சரித்திருக்கிறார்.

படம் டெம்போவில் வந்தது. போர்வையை விலக்கியதும் உன் அம்மா கிட்டப் போய்ப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், “ஏங்க, இவரு யாரப் பாத்துக்கிட்டு நிக்காரு?” முன்னால் குளம், குளத்தின் அக்கரையில் அவர், நமக்கு முதுகு, அவருக்கு எதிரே குன்று. யாரோ குன்றிலிருந்து இறங்கி வருவதை எதிர்பார்ப்பதுபோல வலது தோளைச் சற்றே தூக்கியிருந்தார். நம் வீட்டுக்கு வந்த தமிழ்க்காரர்கள் எல்லோரும் கும்பிடக் கையைத் தூக்கி, பாதியில் இறக்குவார்கள். முதுகைப் பார்த்து எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் குரலை மட்டும் தணித்துக்கொண்டு பேசுவார்கள். நம் வீட்டு ஹாலில் யாரும் சத்தமாகச் சண்டை போட்டதில்லை, கவனித்திருக்கிறாயா? சண்டை எல்லாம் சமையலறையில்தான். நீ ஒரு நாள் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, “தண்ணியில குன்று தெரியுது, மரம் தெரியுது, அவரு மட்டும் ஏன் தெரியல?” என்று கேட்டாய். உண்மையில் அதுவரை நானும் பார்த்திருக்கவில்லை. குளத்தில் எல்லாவற்றின் பிம்பமும் தலைகீழாக இருந்தது, அவருடையது மட்டும் இல்லை. அவர் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே வெறும் தண்ணீர். “தண்ணி கலங்கியிருக்குல்லா” என்று சொல்லி வைத்தேன். அந்தப் படத்தைப் பற்றி உன்னிடம் சொன்ன முதல் பொய்.

வழக்கம், சாபம் எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன். அவள் தினம் விளக்கேற்றிவிட்டு, “இத்தன வருசமா பாத்துக்கிட்டுதான இருக்கேன், உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே” என்பாள். அந்தக் குரலில் ஒரு துளி ஏமாற்றம் இருந்ததாக எனக்கு எப்போதும் சந்தேகம். ஆனாலும் சொல்கிறேன், அவள் அப்படிச் சொன்ன நாட்களில் நான் படத்தின் பக்கம் திரும்பாமல்தான் செருப்பு மாட்டுவேன்.

இனி, சம்பந்தம் பேச மானசியின் ஆயி, அதாவது அவள் அம்மா, வந்த நாள். நீ ஒரு மாதமாக எங்களைத் தயார்செய்து, “ஆயி ரொம்ப ஸ்ட்ரிக்ட், ஸ்கூல் டீச்சர், எதையாவது சொல்லி சிரிக்காதீங்கப்பா” என்று எனக்கு மட்டும் தனியாக எச்சரிக்கை கொடுத்திருந்தாய். மானசிக்கு ஒன்பது வயதாயிருக்கும்போதே அந்த அம்மாவின் புருஷன் போய்விட்டார் என்றும் சொல்லியிருந்தாய். ஆயி உள்ளே வந்தார். சோபாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தினார். நிமிர்த்திய அதே வேகத்தில் புடவைத் தலைப்பை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். புருஷனை இழந்த ஒரு பெண்ணை, பார்க்கவே கூடாதவருக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறேன். அதற்கப்புறம் அவர் நிமிரவே இல்லை. தரையைப் பார்த்தே பேசினார், பாதி டீயை வைத்துவிட்டார், இருபது நிமிஷத்தில் எழுந்து, “நந்தர் சாங்க்தே” என்றார். அப்புறம் சொல்கிறேன் என்று அர்த்தம். மானசி அவர் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனாள்.

அதற்குப் பிறகு பதினாறு நாள் தகவல் இல்லை. நீ சாப்பிடாமல் வேலைக்குப் போனாய், சாப்பிடாமல் வந்தாய். சிரிக்கவைக்க நான் சொன்னதெல்லாம் உன்மேல் பட்டுக் கீழே விழுந்தது. உன் அம்மா, “அவங்ககிட்டயே ஒரு வார்த்த கேட்டுருங்களேன்” என்றாள். என்னவென்று கேட்பது? உங்கள் புருஷன் போனதற்கும் எங்கள் சாமிக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்றா? என் வாய் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும். ஊரில் யார் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பதுவரை எனக்கு அத்துப்படி. கேட்கவேண்டிய ஒரே கேள்வி வந்தபோது அந்த வாய் மூடிக்கொண்டது. அதனால்தான் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்.

உன் அம்மா பேங்கிலிருந்து வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் படத்தின் முன்னால் நின்றாள்.

“எங்கங்க அவரு?”

“யாரு?”

“வெளையாடாதீங்க.” மூக்கை உறிஞ்சினாள். “பால்கனி வாசன அடிக்கி.”

பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் விளக்கேற்றுவதை நிறுத்தவில்லை. பச்சைக்குக் குங்குமம் வைத்தாள். மூன்றாம் நாள் ஆயியிடமிருந்து ஃபோன் வந்தது. தன் அண்ணன் பண்டரிபுரத்துக்கு நடந்துபோயிருந்தார், வந்துவிட்டார், எல்லோருக்கும் சம்மதம் என்றார். அண்ணன், நடை எல்லாம் மரியாதைக்குச் சொல்கிற சாக்கு என்றும், பெயின்ட் வேலைசெய்துவிட்டது என்றும் எனக்குத் தீர்மானமாகிவிட்டது. பயமும் அப்போதுதான் ஆரம்பித்தது.

நான் அவரை அழித்தேன் என்று சொன்னேனே, ஒரு புதர் மாதிரி வரையத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு வரைய வராது. கோட்டுக்கு வெளியே போகாமல் பெயின்ட் அடிக்கமட்டும் வரும். அதனால் அவர் உருவம் எதுவோ அதே உருவத்தில் பச்சை அடித்துவைத்திருந்தேன். புதருக்குத் தோள் இருந்தது. கையில் ஒரு நீளமான பச்சைக் கிளை இருந்தது. மற்ற வண்ணமெல்லாம் மங்கல், இது மட்டும் எனாமல். சாயங்காலம் நாலு மணிக்குப் பால்கனி வெயில் உள்ளே வரும்போது படத்தில் அது ஒன்றுதான் மின்னும். அப்போதுதான் மற்றதையும் பார்த்தேன். மயில் கழுத்தைத் திருப்பி அந்தப் பச்சையைப் பார்க்கிறது. சேவல் அதைப் பார்க்கிறது. தினைப்புனத்துக் கிளி அத்தனையும் அந்தப் பக்கம். கடம்பமரம் அதன்மேல் சாய்ந்து நிழல் கொடுக்கிறது. மேகம்கூடத் தும்பிக்கையை அங்கேதான் நீட்டியிருக்கிறது. அவர் இருந்தவரை இதெல்லாம் அலங்காரம். அவர் போன பிறகு, ஒரு சபை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு காலி நாற்காலியைப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது. கல்யாணமாகி நீங்கள் எங்களோடு இருந்தபோது மானசி அதன் கீழே உட்கார்ந்து, “பாபா, இங்க யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு, எனக்கு இது பிடிச்சிருக்கு” என்று ஹிந்தியில் சொன்னாள். நான் வெந்நீர் வைக்கவேண்டும் என்று சமையலறைக்கு ஓடினேன்.

போன மழைக்காலத்தில் குளத்தில் ஒன்று தெரிய ஆரம்பித்தது. ஆறு தாமரைக்கு நடுவில், முன்பு வெறும் தண்ணீராக இருந்த இடத்தில். முதலில் பழுப்பாக ஒரு வட்டம். கணபதி உற்சவம் முடிவதற்குள் அதில் இரண்டு குழி, நடுவில் ஒரு மேடு. உன் அம்மாவிடம் காட்டினேன்.

“பூஞ்சங்க. பீரோவுக்குப் பின்னாலயும் இப்படித்தான் புடிச்சிருக்கு.”

“பூஞ்சைக்கு மூக்கு உண்டா?”

“ஏன், உங்களுக்கு இல்லையா?”

ஈரத்துணியால் துடைத்தாள். சட்டத்தில் இருந்த பூஞ்சை போயிற்று, குளத்தில் இருந்தது போகவில்லை. அவளும் துணியைப் பிழியாமல் கொஞ்சநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு பூஞ்சை என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

சுதாகரைத் தேடிப் போனேன். ஷெட் இப்போது ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை. அவர் மகன் கம்ப்யூட்டரில் ஏதோ அரசியல்வாதியின் பிறந்தநாள் வாழ்த்தை நீட்டிக்கொண்டிருந்தான், இவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். குளத்தில் முதலில் முகம் வரைந்து பிறகு மேலே வண்ணம் பூசி மறைத்தீர்களா, பழைய வண்ணம் இப்போது மேலே வருகிறதா என்று கேட்டேன். இதை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஆமாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

“முகமா? நான் போடல. தண்ணியில நான் எதுவுமே வைக்கல.” பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “முதுகு காட்டி நிக்கிறவரோட பிம்பத்துல முதுகுதான் சாஹேப் தெரியும். தண்ணியில முகம் தெரிஞ்சா, கரையில நிக்கிறவர் திரும்பிட்டார்னு அர்த்தம்.” என் முகத்தைப் பார்த்தார். “கரையில அவர் அப்படியேதான நிக்கிறாரு?”

பால்கனிப் பச்சையைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பச்சை உருவத்துக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று யாரால் சொல்லமுடியும்? வீட்டுக்கு வந்து பார்த்தேன். வலது தோள் தூக்கியிருந்ததே, அது இப்போது இடது தோளாகவும் இருக்கலாம்.

சிரிக்காதே. நீ சிரித்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்பது வேறு விஷயம். சாபம், சாங்கியம் எதையும் நான் நம்புகிறவனில்லை, உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் கட்டியதைக் கேலிசெய்தே இரண்டு வருஷம் ஆபீஸைச் சிரிக்கவைத்தவன் நான். ஆனால் ‘பார்த்தால் புருஷன் தங்கமாட்டான்’ என்பதில் ‘புருஷன்’ என்கிற இடத்தில் உன் பெயரைப் போட்டுப் பார்த்தால், என்னால் அதைச் சிரித்து முடிக்கமுடியவில்லை. மானசி தினம் காலையில் காபியோடு அந்தக் குளத்துக்கு எதிரே உட்காரப்போகிறாள். இந்த வாரம் இரண்டு முறை சோபாமேல் ஏறினேன், குளத்தையும் அடித்துவிடலாம் என்று. பிரஷ் கையில் இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் போனதும், அது என்னைத்தான் பார்க்கிறது என்று தெரிந்தது. கோபமாக இல்லை. அடையாளம் தெரிந்துகொண்ட மாதிரி. கையை எடுத்துவிட்டேன்.

அப்பனாக உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் மிச்சமிருக்கிறது. வீட்டில் ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டால், ஏன் என்று அவரையே கேட்டுவிடு. நீயாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் பெயின்ட் அடிக்காதே. உனக்கும் என் கை இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். போன வருஷம் மானசி இரண்டு நாள் பேசாமல் இருந்தபோது நீ போய்ப் புது மிக்ஸி வாங்கி வந்தாய். அது என் பச்சை டப்பாதான். இந்தக் கடிதத்தை நீ படித்து முடித்ததும் மானசிக்கு வரி வரியாகச் சொல்லு. படம் அவள் சுவருக்குப் போகப்போகிறது, தெரிந்துகொண்டு முடிவெடுக்கவேண்டியது அவள். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் இங்கேயே இருக்கட்டும். “எனக்குப் பழகிப்போச்சு, நான் பாத்துக்கிடுதேன்” என்கிறாள் உன் அம்மா. என் ஆயுளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடிதத்தை ஒட்டப் போனபோது அவளே தடுத்தாள். “மகனுக்கு இத்தன பக்கம் எழுதத் தெரியுது, அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கத் தெரியல” என்றாள். சரி, உனக்குச் சொன்ன புத்தியை நானும் ஒரு தடவை கேட்போம் என்று ஆயிக்கு ஃபோன் போட்டு, அன்றைக்கு எங்கள் படத்தைப் பார்த்ததும் ஏன் கண்ணை மூடிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். படமா, எந்தப் படம், அந்த மரம் செடி போட்டதா என்றார். அன்று அவர் கண் டாக்டரிடமிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தாராம். கண்ணில் மருந்து விட்டிருந்தார்களாம், நம் டியூப் லைட் ஊசியாகக் குத்தியதாம். நான் எப்படி இருப்பேன் என்றே நிச்சயதார்த்தத்தன்றுதான் பார்த்தாராம்.